விளம்பரம் குடுக்குறவங்களப் பத்தியே நியூஸ் போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டைல ஒரு ஏரியா வாரப் பத்திரிகைல ரிப்போர்ட்டரா இருக்கேன். எங்க தெருவுல மழைநீர் கால்வாய் பாதிதான் கட்டியிருக்காங்க, முழுசுக்கும் பில் பாஸ் ஆயிடுச்சுன்னு அங்க வேலை பாத்த ஒருத்தரே சொல்றாரு. கவுன்சிலரம்மா வீட்டுக்காரருக்கு கமிஷன் போச்சுன்னு பேச்சு. எங்க ஓனர், "பொங்கல் விளம்பரம் அவங்ககிட்ட இருந்துதான் வருது, கண்டுக்காத"ங்கறாரு. அம்மா பயப்படுறாங்க. எழுதவா, விடவா? - பெயர் வேண்டாம்

பதில்: எழுதுங்க தம்பி, ஆனா கமிஷன எழுதாதீங்க. அத உங்களால நிரூபிக்க முடியாது, எழுதின அன்னிக்கே வக்கீல் நோட்டீஸ் வந்து நிக்கும். கால்வாய எழுதுங்க, அது தெருவுலயே கெடக்கு, டேப் வச்சு அளந்தா எத்தன மீட்டர்னு அதுவே சொல்லிடும்.

மண்டல ஆபீஸ்ல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்க. 'ஊழல் நடந்துச்சா'ன்னு கேட்டா ஒரு பதிலும் வராது, எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் (அளவுப் புத்தகம்), பில் இதோட நகல் வேணும்னு பேர் சொல்லி கேளுங்க. எம்-புக்தான் உயிர்நாடி, எவ்ளோ நீளம் அளந்தோம்னு இன்ஜினியர் கையெழுத்து போட்டு எழுதுறது அதுலதான், அதப் பாத்துதான் பில்லே பாஸ் ஆகும். எதுக்கு கேக்குறேன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. இந்த 2005 ஆர்டிஐ சட்டத்துல வேலைய நேர்ல போய் பாக்கவும், போட்ட பொருள்ல சாம்பிள் எடுக்கவும்கூட உரிமை இருக்கு, நம்மாளுங்க யாரும் இத யூஸ் பண்றதே இல்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். 30 நாள்ல பதில் வரலன்னா அப்பீல் போடுங்க. வீட்டு அட்ரஸ் குடுக்காம ஆபீஸ் அட்ரஸ் குடுங்க, மனு போட்ட சேதி கான்ட்ராக்டர் காதுக்கு எப்படியும் போயிடும். முக்கியமா உங்களுக்கு சேதி சொன்ன அந்த ஆளு பேரு ஓனருக்குக்கூட தெரியக் கூடாது, அவரு பொழப்பு அதுல இருக்கு.

கேஸ் பயத்துக்கு வருவோம். 1994ல நக்கீரன் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பதவில இருக்குறவங்க அவங்க பதவி வேலையப் பத்தி எழுதினதுக்கு நஷ்டஈடு கேட்டா, பத்திரிகைக்காரன் நியாயமா விசாரிச்சு சரிபார்த்துட்டுதான் எழுதினான்னு காட்டினாலே போதும்னு. அது சிவில். கிரிமினல் அவதூறு இன்னும் இருக்கு, இப்ப பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 356வது பிரிவு, அங்க உண்மைன்னு மட்டும் காட்டினா பத்தாது, பொது நன்மைக்கு எழுதினோம்னும் காட்டணும். வெள்ளம் போக வேண்டிய கால்வாய விட பொது நன்மை வேற என்ன இருக்கு, டிசம்பர்ல முட்டி அளவு தண்ணில நிக்கிறது நம்ம ஜனங்கதான?

கவுன்சிலரம்மாகிட்டயும் இன்ஜினியர்கிட்டயும் விளக்கம் கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல லெட்டர் அனுப்பி, போய்ச் சேந்ததுக்கான ஆதாரத்த பத்திரமா வைங்க. கவுன்சிலரம்மா பேருக்கே அனுப்புங்க, வீட்டுக்காரர் பேருக்கு வேண்டாம், ஓட்டு வாங்கினது அவங்கதான்.

ஓனர் மேல எனக்குக் கோவமில்ல, பிரிண்டிங் செலவு அவருக்குத்தான் தெரியும். ஆனா பேப்பர் எல்லாம் கைக்கு வந்தப்புறமும் அவரு மாட்டேன்னா, அவருக்குத் தெரியாம போடாதீங்க, நேரா சொல்லிட்டு அத ஒரு தினசரி ரிப்போர்ட்டர்கிட்ட குடுங்க, லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஒரு புகாரும் தட்டி விடுங்க. செய்திக்கு மேல வர்ற உங்க பேரு, அந்த பைலைன் போயிடுமேன்னு வருத்தமா இருக்கும், இருக்கட்டும். அம்மாகிட்ட மட்டும் எதையும் மறைக்காதீங்க, யாராவது வீட்டு வாசல்ல வந்து நின்னா முதல்ல கதவத் தொறக்கப் போறது அவங்கதான்.