குளவிக் கொட்டுக் கொப்பியும் துணைக் கட்டுரையும்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். தாதியியல் பட்டம் உண்டு. அமெரிக்காவில் பொதுச் சுகாதார முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறேன். நோக்க அறிக்கை எழுதியாயிற்று. இரண்டு பல்கலைக்கழகங்கள் துணைக் கட்டுரைகளும் கேட்கின்றன: 'ஏன் எங்கள் பயில்நெறி?', 'நீங்கள் கண்ட ஒரு சுகாதாரப் பிரச்சினையும் அதில் உங்கள் பங்கும்'. தலா 250 சொல். நோக்க அறிக்கையிலிருந்தே வெட்டி ஒட்டினால் போதாதா? குளவி கொட்டி வருபவர்களின் விவரத்தை ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். அதெல்லாம் எழுதத் தகுந்ததா?

வாசகி

அன்புள்ள சகோதரி,

போதாது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். சொன்னதையே சொன்னால் 250 சொல்லும் வீண். புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவரை எடுக்கும்போது கைகொடுப்பது இந்தச் சின்னக் கட்டுரைதான்.

இரண்டாம் கேள்விக்கு அந்தக் கொப்பியே பதில். நம் பிள்ளைகள் பலர் லயன் வீடு, வறுமை, இருநூறு வருடத் துயரம் என்று தொடங்கி, இடம் தீரும்போதுதான் தலைகாட்டுவார்கள். 2016 குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடளவில் 17 வீதம், பெருந்தோட்டங்களில் 32 வீதம். உண்மைதான், ஆனால் அதை யாரும் எழுதலாம். கொப்பி உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

கொட்டிய நேரம், மலையிலிருந்து ரோட்டுக்கு இறக்கிய விதம், தோட்ட லொறியா ஆட்டோவா, ஆஸ்பத்திரி சேர்ந்த நேரம், ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி போட்ட நேரம்: இவற்றில் எதைக் குறித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிரச்சினைக்கு 60 சொல் போதும். நீங்கள் செய்ததற்கு 120. மிச்சத்தில், தாமதம் மலையிலா, லொறிக்குக் காத்திருந்ததிலா, வார்டிலா என்று கொப்பி காட்டுவதை எழுதுங்கள். எதுவும் மாறவில்லையென்றால் மாறவில்லை என்றே எழுதலாம். டொக்டர் தீர்மானித்ததை 'நான்' என்று எழுத வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் குறித்ததை 'ஆய்வு' என்றும் சொல்லாதீர்கள். நேர்முகத்தில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். நோயாளியின் பெயரோ தோட்டத்தின் பெயரோ வரக்கூடாது.

முதல் கேள்வியில் தரவரிசையையும் புகழையும் விடுங்கள். கொப்பி எழுப்பும் கேள்விக்கு உதவும் ஒரு பாடம், ஒரு களப்பயிற்சி, ஒரு பேராசிரியரின் வேலை, இவ்வளவே. அவர் இன்னும் அங்கே கற்பிக்கிறாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வேறு பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாக்கியத்தை வெட்டிவிடுங்கள்.

இணைய விண்ணப்பத்தில் கட்டுரையை ஒட்டும் சில பெட்டிகள் சொல்லை அல்ல, இடைவெளி உட்பட எழுத்துகளை எண்ணும். மிஞ்சியது பாதி வாக்கியத்தில் அறுந்துவிடும். ஒட்டியபின் முழுவதையும் மறுபடி வாசியுங்கள். கடைசி நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11:59 என்றால், குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 10:29. மழைக்குக் கரண்ட் போகிற ஊரில் அதை நம்பியிருக்க வேண்டாம்.

சோஃபாஸ் (SOPHAS) என்ற பொதுச் சுகாதாரப் பயில்நெறிகளுக்கான பொது இணைய விண்ணப்பத் தளம் ஊடாக விண்ணப்பிப்பதானால், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.ஈ.எஸ். (WES) நிறுவனத்தின் மதிப்பீட்டை உங்கள் பட்டத்துக்கு இன்றே தொடங்குங்கள். கட்டுரையைவிட அதுதான் நாள் இழுக்கும்.