வாகனக் கேள்வி–பதில்: மலைப்பாதை வண்டிக்கு ஏற்ற சைலன்சர்

கோத்தகிரி வாசகர்: பச்சைத் தேயிலை ஏற்றும் 4 சிலிண்டர் டர்போ டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் அதன் சத்தம் தகரம் அதிர்வது போலக் கேட்கிறது. பெரிய லாரியின் கனத்த குரல் வேண்டும். சைலன்சரை அறுத்தெடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?

வேண்டாம். நீங்கள் விரும்புவது கனத்த ஒலி. நேர்க்குழாயால் கிடைப்பது உரத்த ஒலி மட்டுமே. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. எனவே 4 சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது, அதன் ஆதார சுருதி நொடிக்கு ஏறத்தாழ 67 அதிர்வுகளாக இருக்கும். 6 சிலிண்டர் லாரி 1200 சுற்றிலேயே பாரத்தை இழுத்துவிடுவதால் அதன் சுருதி 60 அதிர்வுகளில் நிற்கிறது. அத்துடன், அதன் பெரிய சைலன்சர் மேலே எழும் கூர்மையான அதிர்வுகளையெல்லாம் விழுங்கிவிடுவதால்தான் அந்தக் குரல் நெஞ்சில் அதிர்கிறது. எஞ்சினின் சுருதியை எந்தச் சைலன்சராலும் மாற்ற இயலாது. ஆனால் மேலதிர்வுகளில் எவற்றை வெளியே விடுவது, எவற்றை உள்ளேயே அடக்குவது என்பது சைலன்சரின் கையில்தான் இருக்கிறது. நல்ல ஒலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தேர்வின் விளைவு.

சைலன்சர்களில் இரண்டு அடிப்படை வகைகள் உள்ளன. அறைகளும் தடுப்புத் தகடுகளும் கொண்ட வகை, ஒலியலைகளைத் திருப்பி ஒன்றோடொன்று மோதவிட்டுத் தணிக்கிறது. தாழ்ந்த அதிர்வுகளை அடக்குவதில் இது வல்லது. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்த வகை, கூர்மையான அதிர்வுகளை உறிஞ்சிக்கொண்டு தாழ்ந்தவற்றை ஓரளவு வெளியே விடுகிறது. உங்களுக்குப் பொருந்துவது இரண்டாம் வகையே. ஆனால் அது கையளவுக் குட்டையாக இருந்தால் பயனில்லை. வண்டிக்கு அடியில் இடம் அனுமதிக்கும் அளவுக்கு நீளமாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். குழாயின் விட்டத்தை மிகையாகக் கூட்டாதீர்கள். 2.5 லிட்டர் டர்போ டீசலுக்கு 2.5 அங்குலக் குழாய் பொதுவாகப் போதும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் வட்டமாகவே இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை உண்டு. தகரச் சத்தம் பல வண்டிகளில் சைலன்சர் வகையால் வருவதே இல்லை. வெப்பத் தகடு தளர்ந்திருக்கலாம், எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் மேனிபோல்டு குழாயின் இணைப்பில் உள்ள பேக்கிங் ஊதிப்போயிருக்கலாம், சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகடு கழன்று ஆடலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பின் சைலன்சரைக் கையால் தட்டி, உள்ளே ஏதேனும் உருளும் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். டீசல் வண்டியின் கடகடப்பு எஞ்சின் உடலிலிருந்தே வருவதால், சைலன்சரை மாற்றி அதைப் போக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஒலி மாசுத் தரத்தை மீறும் வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சரிவில் ஏறும் வண்டியின் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சரிவில் இருக்கும் ஹட்டிகளுக்குள் (படுகர் ஊர்களுக்குள்) நுழைகிறது; விடியற்காலையில் இலை ஏற்றப் போகிறவர் அங்கே உறங்கும் குழந்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

குன்னூர் வாசகர்: பஞ்சு அடைத்த சைலன்சர் மாற்றினேன். வெளியே ஒலி அருமையாக இருக்கிறது. ஆனால் 2000 சுற்றை நெருங்கும்போது கேபினுக்குள் காதை அடைக்கும் ரீங்காரம் வருகிறது. என்ன செய்வது?

வெளியே விடப்பட்ட தாழ்ந்த அதிர்வு கேபினின் காற்றையும் தகடுகளையும் தன்னோடு சேர்த்து அதிரவைக்கிறது. மலைப்பாதையில் இரண்டாம், மூன்றாம் கியரில் அதே சுற்றில் நெடுநேரம் ஓட வேண்டியிருப்பதால், சமவெளிக்காரருக்கு உறுத்தாத ரீங்காரம் உங்களுக்குத் தலைவலியாகிறது. முதலில் குழாயைத் தொங்கவிடும் ரப்பர்களைப் பாருங்கள். இறுகிக் கெட்டியாகிவிட்ட ரப்பரும், சேஸிஸில் உரசும் குழாயும் இதே தொல்லையைத் தரும். அவை சரியாக இருந்தால், பிரதானக் குழாயிலிருந்து கிளையாகப் பிரிந்து மறுமுனை அடைக்கப்பட்ட ஒரு குழாயைப் பற்றவைக்கலாம். கிளைக்குள் போய்த் திரும்பும் அலை, எதிர்நிலையில் வந்து அந்த அதிர்வைப் பெருமளவு அழித்துவிடும். அதன் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 490 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொண்டால், 67 அதிர்வுகளுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர், அதாவது 6 அடி வரும். சேஸிஸ் ஓரமாக மடக்கிக் கொண்டுபோகலாம். கிளைக்குள் புகை ஓட்டம் இல்லாததால் அங்கே சூடு குறைந்து ஒலியின் வேகம் தணியும்; அதனால் தேவையான நீளமும் சற்றுக் குறையும். ஆகவே முனையை உடனே பற்றவைக்காமல், முதலில் நகர்த்தக்கூடிய மூடியோடு ஓட்டிப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள்.

கேத்தி வாசகர்: கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரிக்கு, டர்போவிலிருந்து பின்முனை வரை முழுக் குழாயையும் மாற்ற எண்ணுகிறேன்.

உங்கள் லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டா என்பதை முதலில் பாருங்கள். டர்போவுக்கும் சைலன்சருக்கும் நடுவே குழாயை மூடும் வால்வுதான் அது. மூடியதும் புகை வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை தொடர் இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும்போது, பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் இழக்காமல் காப்பது இந்த வால்வும் தாழ்ந்த கியரும்தான். ஒலிக்காக முழுக் குழாயையும் மாற்றும்போது இந்த வால்வைக் கழற்றி மூலையில் போடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. வால்வுக்கு முன்னே ஒரு சிறு கசிவு இருந்தால்கூட அழுத்தம் தங்காது. வால்வுக்குப் பின்னே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். புகைமுனை வலப்பக்கமோ பின்பக்கமோதான் திறக்க வேண்டும். கீழ்நோக்கியும் இடப்பக்கமும் புகை விடுவது மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் புறம்பானது.

கூடலூர் வாசகர்: பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 புகைத் தர) வண்டியில் புகைக்கரி வடிகட்டியை எடுத்துவிட்டால் ஒலி கூடுமா?

கூடும், ஆனால் எடுக்கக் கூடாது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சென்சார்கள் உடனே கண்டுபிடித்து எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடக்கூடும், எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையிலும் வண்டி தேறாது. வடிகட்டியைத் தொடாமல், அதற்குப் பின்னுள்ள சைலன்சரை மட்டும் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதகை வாசகர்: சைலன்சர் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாகிவிடுகிறது. எந்த உலோகம் வாங்கலாம்?

டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குளிர்ந்த காலையில் எஸ்டேட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. நீராவி உள்ளேயே நீராகத் தங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கிறது. சாதாரண இரும்பைத் தவிருங்கள். 409 ரக ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறினாலும் நெடுநாள் தாங்கும், விலையும் குறைவு. 304 ரகம் அதைவிட உயர்ந்தது. கடையில் காந்தம் வைத்துப் பாருங்கள்: 409-இல் ஒட்டும், 304-இல் பெரும்பாலும் ஒட்டாது. 304 என்று சொல்லி விற்பதில் காந்தம் பலமாக ஒட்டினால் வாங்காதீர்கள். சைலன்சரின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருந்தால், ஓட்டை என்று எண்ணிப் பற்றவைத்து அடைத்துவிட வேண்டாம் என்று பட்டறையில் முன்பே சொல்லி வையுங்கள்.