31,000 கி.மீ. ஓடிய காரா, 94,000 கி.மீ. ஓடிய காரா?

நாகர்கோவிலைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு பழைய கார்கள் அவருக்கு வந்திருக்கின்றன. ஒன்று எட்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் வண்டி. உரிமையாளர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வண்டி குளச்சலில் கடலை ஒட்டிய வீட்டில் நிற்கிறது. மீட்டரில் 31,000 கி.மீ. மற்றொன்று ஐந்து ஆண்டு டீசல் வண்டி, வாரத்திற்கு இரண்டு மூன்று முறை திருவனந்தபுரம் போய்வருபவருடையது, 94,000 கி.மீ. மைலேஜைப் பார்த்து முதல் வண்டியை எடுத்துவிடலாமா என்கிறார். (மைலேஜ் என்றால் நம் பக்கத்தில் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றுதான் பொருள் கொள்வோம். அவர் கேட்பது ஓடிய தூரத்தை.)

நானாக இருந்தால் முதலில் இரண்டாவது வண்டியைத்தான் பார்க்கப் போவேன். நான் தக்கலைப் பக்கம் குடியிருக்கும் பள்ளி ஆசிரியர். வண்டி வியாபாரமும் தெரியாது, மெக்கானிக் வேலையும் தெரியாது. இரண்டு பழைய கார்கள் வாங்கி, அவற்றுள் ஒன்றில் பணத்தை விட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

2020இல் நான் வாங்கிய முதல் கார், கேட்டவருக்கு வந்திருக்கும் குளச்சல் வண்டியின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். 2013இல் பதிவான பெட்ரோல் வண்டி, 28,000 கி.மீ., ஒரே உரிமையாளர், அவரும் வெளிநாட்டில் இருப்பவர், வீடு முட்டம் பக்கம். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்கு வரும்போது மாமியார் வீட்டுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஓட்டியதோடு சரி. மற்ற நாளெல்லாம் கவர் போட்டு மூடிக் கிடந்தது. பெயின்ட் புதிதுபோல் மின்னியது. உள்ளே சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. நான் மீட்டரையும் சீட்டையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, திங்கள்சந்தையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பெரியப்பா மகனிடம் பெருமையாகச் சொன்னபோது, அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லேய், மீட்டரை விடு. அடியில படுத்துப் பாத்தியா?"

வண்டியைக் கொண்டுவந்த பிறகு நாளிதழை விரித்து அவரோடு நானும் அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சரின் பின்பகுதியை அண்ணன் ஸ்க்ரூடிரைவரின் நுனியால் மெல்லத் தட்டினார். இரண்டாவது தட்டில் நுனி உள்ளே போய்விட்டது. பப்படத்தை நொறுக்கியது போலத் துரு என் கன்னத்தில் உதிர்ந்தது. முன் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்திலும் துரு மடல் மடலாக எழும்பியிருந்தது. டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் புடைப்பு) தேயாமல் இருந்தது என்று நான் மகிழ்ந்திருந்தேன். அண்ணன் டார்ச் அடித்துக் காட்டியபோது பக்கச் சுவர் முழுவதும் மயிரிழை வெடிப்புகள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதில் 1413 என்று இருந்தது. அதாவது 2013ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். ஓடாமலேயே கிழடாகிப் போன டயர்கள். அந்த ஓர் ஆண்டில் நான்கு டயர், பேட்டரி, சைலன்சர், இறுகிப்போன பிரேக் காலிப்பர், அரித்துப்போன ஏசி கண்டென்சர், எலி கடித்த வயரிங் என்று 70,000 ரூபாய்க்கு மேல் போயிற்று.

கடலோரத்தில் வண்டி நிற்பது என்பது நம் மாவட்டத்தில் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டிய செய்தி. கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துளிகள் இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றன. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி (வடகிழக்குப் பருவ) மழையும் ஆக இரண்டு மழைக்காலம் நமக்கு. மூடிய கவர் வெயிலைத் தடுக்கிறதே தவிர, உள்ளே புகுந்த உப்பு ஈரத்தை உலரவும் விடுவதில்லை. ஓடாத வண்டிக்கு வேறொரு நோயும் உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வண்டி அரை மணி நேரமாவது ஓடிச் சூடேறினால் சைலன்சரிலும் எஞ்சின் ஆயிலிலும் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டு வேலைக்காரரோ மைத்துனரோ வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும்; நன்மை செய்வதாக நினைத்து அவர்கள் சைலன்சரை உள்ளிருந்து அரிக்க விடுகிறார்கள். பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கிலோமீட்டர் ஆகவில்லை என்று பலர் அதை ஆண்டுக்கணக்கில் மாற்றுவதில்லை.

இன்னொன்று, மீட்டர் தூரத்தை எண்ணுகிறதே தவிர, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை எண்ணுவதில்லை. மார்த்தாண்டம் சந்தையிலும் வடசேரியிலும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக மணிக்குச் சராசரி 20 கி.மீ. வேகத்தில் 40,000 கி.மீ. ஓடிய வண்டியின் எஞ்சின் 2,000 மணி நேரம் சுழன்றிருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 50 கி.மீ. வேகத்தில் 90,000 கி.மீ. போன வண்டியோ 1,800 மணி நேரம்தான் சுழன்றிருக்கிறது. கிளட்ச் மிதித்த எண்ணிக்கையையும் பிரேக் போட்ட எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை அளவுக்கான புதிய விதிப்படியான) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நீண்ட ஓட்டத்தில் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். ஆகவே டவுனுக்குள் மட்டும் ஓடிய, கிலோமீட்டர் குறைந்த டீசல் வண்டி என்று யாராவது பெருமை பேசினால் நான் சற்று ஒதுங்கியே நிற்பேன்.

இதனால் தூரம் பொருட்டே அல்ல என்று சொல்ல வரவில்லை. எந்தச் செலவு எப்போது வரும் என்பதை அதுதான் சொல்கிறது. 2022இல் நான் வாங்கிய இரண்டாவது கார் 88,000 கி.மீ. ஓடிய டீசல் வண்டி. குலசேகரத்தில் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவருடையது. கடல் காற்று படாத இடம். ஒவ்வொரு சர்வீசுக்கும் பில் வைத்திருந்தார், ஒன்றுகூட விடவில்லை. எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் மாற்றும் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்த பெல்ட் ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் ஆகிய மூன்றுக்கும் அண்ணனிடம் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழிக்கச் சொன்னேன். முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி குறைத்தார். அந்த வண்டி ஒன்றரை லட்சம் கி.மீ. தாண்டி இன்றும் என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் மீட்டர் உண்மை பேசுகிறது என்ற நம்பிக்கையில் சொன்னவை. மீட்டரைக் குறைப்பது ஒன்றும் அரிய கலை அன்று. இரண்டாவது கார் தேடிய நாட்களில் ஒரு வியாபாரி 42,000 என்று காட்டிய வெள்ளை நிற செடானில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மோதும் தூணில் பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் 'அடுத்த சர்வீஸ் 80,000' என்று எழுதியிருந்தது. மீட்டரைத் திருத்தியவர் ஸ்டிக்கரை முழுதாகக் கிழிக்க மறந்துவிட்டார் போலும். வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, "அது வேற வண்டி ஸ்டிக்கரா இருக்கும் சார்" என்றார். எண்ணை நம்புவதைவிடப் பெடல், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் சீட்டின் வலது ஓரம் ஆகியவற்றை நம்புவது நல்லது. உரிமையாளரின் சம்மதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால், ஒவ்வொரு வரவின்போதும் குறித்துவைத்த கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் மீட்டர் குறைவாகவே இருக்கக்கூடும். 2021 நவம்பர் மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திருவனந்தபுரம் போய்வரும் அந்த டீசல் வண்டி கே.எல். (கேரள) பதிவாக இருந்தால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குவதையும், இங்கே மீண்டும் வரி கட்டுவதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி கேட்டவரின் இரண்டு வண்டிகள். டீசல் வண்டியை ஒரு காலை நேரத்தில், முன்கூட்டி ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் வரிசையாக ஏறியிருக்கிறதா, டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, பெல்ட் என்றால் மாற்றியாயிற்றா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் 94,000 என்ற எண்ணுக்காக நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

குளச்சல் வண்டிதான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் லிப்டில் ஏற்றிக் காட்ட உரிமையாளர் வீட்டார் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். அடிப்பகுதி சுத்தமாக இருந்து, டயருக்கும் பேட்டரிக்கும் பிரேக் வேலைக்கும் ஆகும் செலவைக் கழித்துத் தருவார்கள் என்றால் எடுக்கலாம். சட்டத்தில் துரு மடலாக எழும்பியிருந்தால், மீட்டரில் 3,100 என்றே இருந்தாலும் வேண்டாம்.