ஆஞ்சியோவுக்குப் பின் தொடையிடுக்கில் துடிக்கும் வீக்கம்

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. சென்ற வாரம் தொடையிடுக்கு வழியாக ஆஞ்சியோ செய்து, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் இப்போது எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருக்கிறது, தொட்டால் துடிக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டு, இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை நிறுத்தும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். அவரோ குறுவை நடவுக்கு வயலில் இறங்கியே தீருவேன் என்கிறார். என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இன்றே அவரை ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாதாரண இரத்தக்கட்டு நீலம் பாரித்து, பிறகு மஞ்சளாகிக் கரையும், துடிக்காது. துடிக்கிறது என்றால், தமனியில் குத்திய துளை சரியாக மூடாமல், அதன் வழியே வெளியேறும் இரத்தம் சுற்றியுள்ள தசைக்குள் ஒரு பையைப் போலத் தேங்கியிருக்கலாம். இதை மருத்துவர்கள் சூடோஅனூரிசம் என்பார்கள். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடும். அதுவரை ஒத்தடம், பற்று, நீவுதல் எதுவும் வேண்டாம்; சீழ்க்கட்டி என்று நினைத்து யாரேனும் கீறிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான பை பெரும்பாலும் தானே உறைந்து மூடிக்கொள்ளும் என்பதால், மறுபடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். பெரிதாக இருந்தால், ஸ்கேனில் பார்த்தபடியே பைக்குள் த்ராம்பின் என்னும் உறைய வைக்கும் மருந்தைச் செலுத்துவார்கள்; 1986இல் விவரிக்கப்பட்ட இம்முறையில் பெரும்பாலும் சில நொடிகளிலேயே இரத்தம் உறைந்துவிடுகிறது. வேகமாகப் பெருத்தாலோ, கிருமி தொற்றினாலோ, மேல்தோல் கறுத்தாலோதான் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மாத்திரை விஷயத்தில் உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் திடீரென நிறுத்தினால், புதிய ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். எதையும் மாற்றும் முடிவு இதய மருத்துவருடையது. நடவை இந்தப் பருவம் வேறு யாரேனும் பார்த்துக்கொள்ளட்டும். குனிவதும் குந்துவதும் சேற்றில் காலை இழுத்து நடப்பதும் இப்போது கூடவே கூடாது.

வீக்கம் திடீரெனப் பெருத்தாலோ இரத்தம் கசிந்தாலோ, மல்லாக்கப் படுக்க வைத்து, தோலில் குத்திய புள்ளிக்குச் சற்று மேலே விரல்களால் விடாமல் அழுத்தியபடி 108ஐ அழையுங்கள். தமனியில் உள்ள துளை தோலின் துளைக்குச் சற்று மேலேதான் இருக்கும். வெளியே ஒரு துளி இரத்தம் தெரியாவிட்டாலும், இடுப்பிலோ அடிவயிற்றிலோ வலி, வியர்வை, மயக்கம் ஆகியவை வந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கால் சில்லிட்டு வெளிறினாலும் தாமதிக்காதீர்கள்.

மணிக்கட்டுத் தமனி வழியாகச் செய்தால் இத்தகைய சிக்கல்கள் வெகுவாகக் குறையும். இனியொரு முறை ஆஞ்சியோ தேவைப்பட்டால், அவ்வழி இவருக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இப்போது புறப்படும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.