மேக்பெத்: யார் கையில் ரத்தம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் கொலையும் குற்றவுணர்வும் என்ற தலைப்பில் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். உரைநூல்கள் எல்லாமே ரத்தம், தூக்கம், இருட்டு என்று படிமங்களைப் பட்டியல் போடுகின்றன. மேக்பெத் மனசாட்சி உள்ளவன், மனைவி கல்நெஞ்சக்காரி, சூனியக்காரிகள் தூண்டிவிட்டார்கள் என்று முடிக்கின்றன. எனக்கு இரண்டு இடங்களில் இடிக்கிறது. மனசாட்சி உள்ளவன் ஏன் கொலைகளைப் பெருக்கிக்கொண்டே போகிறான்? கல்நெஞ்சக்காரி ஏன் சித்தம் கலங்கிச் சாகிறாள்? எப்படிப் படித்தால் இது பிடிபடும்?

ர.

அன்புள்ள ர.,

உங்களுக்கு இடிக்கிற அந்த இரண்டு இடங்களிலேயே கட்டுரை இருக்கிறது. படிமப் பட்டியல் அதற்கு உதவாது. ரத்தம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால், அதைப் பார்ப்பவர் யார், எப்போது பார்க்கிறார், பார்த்ததும் என்ன செய்கிறார் என்பதைத் தவறவிடுவோம்.

முதல் வேலையாக ஒரு தாளில் கொலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: கொன்ற கை யாருடையது, மேக்பெத் எவ்வளவு தூரத்தில் இருந்தான், மனைவிக்கு முன்கூட்டித் தெரியுமா. ஸ்காட்லாந்து அரசன் டங்கனைத் தளபதி மேக்பெத் தன் இன்வர்னஸ் கோட்டையில் தன் கையாலேயே குத்துகிறான், திட்டம் மனைவியுடையது. கொலை வெளிப்பட்டதும் டங்கனின் காவலர் இருவரையும் அவனே வெட்டுகிறான். இது அவள் திட்டத்தில் இல்லை. சக தளபதி பாங்கோவை ஆள் வைத்துக் கொல்கிறான். ‘உனக்குத் தெரியாமலே இருக்கட்டும், முடிந்தபின் மெச்சிக்கொள்’ என்று அவளிடம் மறைக்கிறான். ஃபைஃப் பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல ஃபைஃபுக்கு ஆள் அனுப்புவதோடு சரி. அவளிடம் கலந்ததாக ஒரு வரிகூட இல்லை. கொலை அவன் கையைவிட்டு விலகி விலகிப் போகிறது. அவளுக்கு நேரடிப் பங்கு டங்கன் கொலையில் மட்டும்தான். ஆனால் கடைசியில் எல்லாரையும் நினைத்துக் கை கழுவிக்கொண்டிருப்பவள் அவள்.

இந்த அமைப்பு தற்செயலானது இல்லை. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பின் 1587 பதிப்பிலிருந்து. அதில் டங்கன் பலவீனமான அரசன். பாங்கோ கொலைக்கு உடந்தை. மேக்பெத் பத்தாண்டு நல்லாட்சி தருகிறான். வீட்டுக்கு வந்த அரசனை இரவில் கொல்வது அதே நூலில் வேறொரு கதை. டொன்வால்ட் என்பவன் டஃப் மன்னனைக் கொல்கிறான், மனைவி தூண்டுகிறாள், ஆனால் கத்தி எடுப்பவர்கள் நான்கு வேலைக்காரர்கள். ஷேக்ஸ்பியர் இரண்டையும் இணைத்தார், வேலைக்காரர்களை நீக்கினார், கத்தியை மேக்பெத்தின் கையிலேயே கொடுத்தார். டங்கனை நல்லவனாக்கி, நல்லாட்சிப் பத்தாண்டையும் அழித்தார். கொலைக்குச் சாக்குச் சொல்ல அவனுக்கு எதுவும் மிஞ்சவில்லை. (பாங்கோ நிரபராதியானதற்கு வேறு காரணமும் உண்டு. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னர் தம்மைப் பாங்கோவின் வழியினராகக் கருதியவர்.)

சூனியக்காரிகளை ஓரமாக வையுங்கள். அரசனாவாய் என்கிறார்கள், கொல் என்று சொல்லவில்லை. கொலை என்ற எண்ணம் அவனுக்கே தோன்றி, அதைக் கண்டு அவனுக்கே மயிர்க்கூச்செறிகிறது. முதல் அங்கத்தின் 7ஆம் காட்சியில் விருந்தறையிலிருந்து வெளியே வந்து தனியாகப் பேசும்போது, காரணங்கள் வரும் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் விளைவு: நாம் கற்றுக்கொடுக்கும் கொலை நமக்கே திரும்பும். பிறகு உறவு: உறவினன், குடிமகன், விருந்து கொடுப்பவன் என்ற மூன்று கடமைகள். கடைசியாக டங்கனின் நற்குணமும், புயல்மேல் வரும் பச்சிளங்குழந்தை போன்ற இரக்கமும். கணக்கில் தொடங்கிய பேச்சு இரக்கத்தில் போய் நிற்கிறது. கொலைக்கு முன்பே அவனுக்குக் குற்றவுணர்வு முழுசாக வந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவன் அல்ல அவன்.

2ஆம் அங்கம் 2ஆம் காட்சியை இரண்டு பேராக வாய்விட்டுப் படியுங்கள். கொலை மேடையில் நடப்பதில்லை. அவள் தனியாகப் பேசும் சில வரிகளுக்குள் உள்ளே அது முடிந்துவிடுகிறது. அவன் வந்ததும், ‘நீ பேசினாயா?’ ‘எப்போது?’ ‘இப்போது.’ ‘நான் இறங்கி வரும்போதா?’ என்று ஒரே செய்யுள் வரி துண்டு துண்டாக இருவருக்கும் இடையே உடைகிறது. மௌனமாகப் படித்தால் இந்த உடைசல் காதில் விழாது. இங்கே அவன் மூன்று தவறு செய்கிறான். காவலரிடம் விட்டுவர வேண்டிய கத்திகளைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். பிரார்த்தனை செய்தவர்களுக்கு மறுமொழியாக ‘ஆமென்’ சொல்ல வாய் வரவில்லை என்பதையே திரும்பத் திரும்பப் பேசுகிறான். திரும்பப் போய்க் கத்திகளை வைக்கச் சொன்னால் மறுக்கிறான். கடலே திரண்டாலும் இந்தக் கை சுத்தமாகாது, கடல்தான் சிவக்கும் என்கிறான். ‘கொஞ்சம் தண்ணீர் போதும்’ என்கிறாள் அவள்.

அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு கல்நெஞ்சக்காரி என்று எழுதுகிறார்கள். அதே காட்சியில் இன்னும் மூன்று இடங்கள் இருக்கின்றன. காவலருக்கு வெறியூட்டிய மது எனக்குத் துணிவூட்டியது என்கிறாள், குடித்துத்தான் நிற்கிறாள். உறங்கும்போது அவர் என் தந்தை போல இருந்திராவிட்டால் நானே செய்திருப்பேன் என்கிறாள். இப்படியெல்லாம் யோசித்தால் நமக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று எச்சரிக்கிறாள். முதல் அங்கத்திலேயே, தனக்குள் இரக்கம் நுழையும் வழியை அடைத்துவிடும்படி ஆவிகளைக் கூப்பிட்டவள் அவள். இரக்கமே இல்லாதவளுக்கு அந்த வேண்டுதல் எதற்கு?

மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவது மூன்றாம் அங்கத்தில்தான். பயத்தையும் குற்றவுணர்வையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ‘என் மனம் முழுக்கத் தேள்கள்’ என்ற வரியைக் குற்றவுணர்வுக்குச் சான்றாகக் காட்டாத விடைத்தாள் குறைவு. அடுத்த வரியைப் படியுங்கள்: பாங்கோவும் அவன் மகன் ஃப்ளீயன்ஸும் உயிரோடு இருக்கிறார்களே என்கிறான். அது முடிக்காத வேலை பற்றிய பயம். ஒவ்வொரு மேற்கோளிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இவன் எதை விரும்புகிறான், நடந்தது நடக்காமல் இருந்திருக்க வேண்டும் என்றா, பிடிபடாமல் இருக்க வேண்டும் என்றா? கொலைக்குப்பின் கதவு தட்டப்படும்போது ‘டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் நல்லது’ என்கிறானே, அது முதல் வகை. தேள் இரண்டாம் வகை. இரு நிறப் பேனாக்களால் குறித்துக்கொண்டே போனால் முதல் நிறம் அவனிடம் குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும்.

விருந்துக் காட்சியிலும் (3:4, அதாவது 3ஆம் அங்கம் 4ஆம் காட்சி) இதைச் சோதித்துப் பாருங்கள். பாங்கோ வரவில்லையே என்று சபைமுன் அவன் நடிக்கும் இரண்டு தடவையும் பாங்கோவின் ஆவி வருகிறது. அவன் முதலில் சொல்வது, ‘நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது.’ கூலியாட்கள் செய்ததால் தன் கை சுத்தம் என்று செத்தவனிடமே வாதாடுகிறான். முன்பெல்லாம் மண்டை உடைந்தால் ஆள் செத்துப்போவான், இப்போது எழுந்து வருகிறார்கள் என்று குறைப்படுகிறான். வருத்தம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தக் காட்சியின் கடைசி வரிகளில் இருக்கிறது. இந்த நடுக்கம் புதிதாகத் தொடங்குபவனின் பயம், பழக்கத்தால் தீரும், நாம் இன்னும் இதில் இளையவர்கள்தான் என்கிறான். குற்றவுணர்வை அவன் கேட்க வேண்டிய குரலாக எடுத்துக்கொள்ளவில்லை. போகப்போகச் சரியாகிவிடும் கூச்சமாக எடுத்துக்கொள்கிறான். ஆகவே மருந்தும் கொலைதான். அடுத்த அங்கத்தில் மக்டஃப் தப்பிவிட்டான் என்றதும், எண்ணம் ஆறுவதற்குள் செய்துவிடுகிறேன், இனிக் காட்சிகள் வேண்டாம் என்கிறான். யோசித்தால் இல்லாத கத்தி கண்முன் தெரிகிறது, ஆவி தெரிகிறது. எனவே யோசிக்க இடமே விடாமல் கொல்கிறான். மருந்து வேலையும் செய்கிறது. 5ஆம் அங்கம் 5ஆம் காட்சியில் பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்று சொல்லி முடிக்கிறான். உடனே மனைவி இறந்த செய்தி வருகிறது. அழ முடியவில்லை. நாளை, நாளை, நாளை என்று அர்த்தமில்லாத நாட்களைப் பற்றிப் பேசுகிறான்.

அவள் கதை வேறு திசையில் போகிறது. விருந்துக்குப்பின் நான்காம் அங்கம் முழுக்க அவள் மேடையில் இல்லை. 5ஆம் அங்கம் 1ஆம் காட்சியில் தூக்கத்தில் நடந்து வருகிறாள். முன்பு ‘அடர்ந்த இரவே வா’ என்றவள் இப்போது விளக்கு எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறாள். செய்யுளில் பேசியவள் உரைநடையில் பேசுகிறாள். இந்தக் காட்சிக்கு ஒரு பயிற்சி செய்யுங்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அவள் சொல்லும் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வருகிறது என்று எதிரே எழுதுங்கள். ‘ஒன்று, இரண்டு’ என்பது கொலைக்கு அவள் அடித்த மணி. ‘போர்வீரன், பயமா?’ என்பது கணவனைச் சீண்டிய பேச்சு. ‘கிழவரிடம் இவ்வளவு ரத்தமா’ என்பது கத்திகளை வைக்கப் போனபோது பார்த்தது. அப்போது வாய்திறந்து சொல்லாதது. ‘இப்படித் திடுக்கிட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறீர்கள்’ என்பது விருந்து. ‘பாங்கோ புதைந்தாயிற்று’, ‘கதவைத் தட்டுகிறார்கள்’, ‘இரவு உடையைப் போடுங்கள்’ என்று வெவ்வேறு இரவுகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. இவற்றுக்கு நடுவே, ‘ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவள் இப்போது எங்கே?’ தான் பங்கே பெறாத கொலைக்கு, தன்னைப் போல ஒரு மனைவிக்காக, அவள் கேட்கும் கேள்வி இது. எனக்கு இந்த நாடகத்திலேயே மிகக் கனமான வரி இதுதான்.

1916இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட், கொலை இரவில் அவனிடம் தோன்றிய பயம் அவளிடம் வளர்கிறது, இருவரும் பிளந்துபோன ஒரே ஆளுமை போல என்று எழுதினார். நல்ல வாசிப்பு, ஆனால் அவன் தூங்காமல் போனதாக நாம் கேள்விப்படவில்லை என்கிறார். அது சரியில்லை. இரவுதோறும் உலுக்கும் கெட்ட கனவுகளைப் பற்றி 3:2இல் மேக்பெத்தே பேசுகிறான். நோய்ப்பெயர் சூட்டும் ஆசையையும் தவிருங்கள். நாடகத்து மருத்துவரே இந்த நோய் என் கைக்கு அப்பாற்பட்டது, இவளுக்கு வேண்டியது பாதிரியார் என்று விலகிக்கொள்கிறார். அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று உறுதியாக எழுதவும் வேண்டாம். கடைசிப் பேச்சில் டங்கனின் மகன் மால்கம் ‘என்று கருதப்படுகிறது’ என்றுதான் சொல்கிறான்.

உங்கள் கட்டுரைக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நீங்களே எழுப்பிவிடுவது நல்லது. மருந்து வேலை செய்தது என்றால், இறுதியில் மக்டஃபைக் கண்டதும் ‘திரும்பிப் போ, உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாவில் அதிகம்’ என்கிறானே? மக்டஃபிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி சூனியக்காரிகள் காட்டிய தோற்றம் சொல்லியிருந்ததால் இது பயம்தான் என்பார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. பெண் வயிற்றில் பிறந்த யாராலும் தனக்குத் தீங்கில்லை என்று அந்தக் கணத்தில் இன்னும் நம்புகிறான். மக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்ற உண்மை அதற்குப் பிறகுதான் வெளிவருகிறது. நீங்கள் எந்தப் பக்கம் எடுத்தாலும், இந்த வரிசை சான்றாக இருக்கட்டும்.

மேற்கோள் நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள வரியோடு விளக்குங்கள். 5:1 உரைநடை என்பதால் வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரே பதிப்பைப் பின்பற்றி, எந்தப் பதிப்பு என்று முதல் மேற்கோளிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.