ஏழு மணி என்றால் ஒரு மணி

தம்பிக்கு ஸ்தோத்திரம். மிஷன் நடத்தும் பிள்ளைகள் ஹோமைப் பார்த்துக்கொள்ள மனைவியோடு தான்சானியாவுக்கு வரப்போவதாகவும், இங்கே ஒரு நாள் எப்படிப் போகும், என்ன கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரன். இங்கே தலைநகர் தொடோமா பக்கம் இதே வேலையில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் மணியைச் சொல்லிவிடுகிறேன். வந்த இரண்டாம் நாள், அரைகுறை சுவாஹிலியில் சமையல்கார அம்மாவிடம், "நாளைக்குக் கஞ்சி 'சா சபா'வுக்கு" என்றேன். 'சா' என்றால் மணி, 'சபா' என்றால் ஏழு. மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுப்பே பற்றவில்லை. முப்பது பிள்ளைகள் வெறும் கோப்பையோடு வரிசையில் நிற்கிறார்கள்; அந்த அம்மா நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். இங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. அவர்களுடைய ஏழு நமக்கு மதியம் ஒன்று. புது ஆள் கொண்டுவந்த ஒழுங்கு இதுதான் போல என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டாராம். 'ஆறாம் மணி நேரமுதல் ஒன்பதாம்மணி நேரம்வரைக்கும்' அந்தகாரம் என்று, இதே போல விடியலிலிருந்து மணி எண்ணும் வேதவசனத்தை வருஷந்தோறும் பெரிய வெள்ளியன்று கேட்டு வளர்ந்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா?

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். இது வறண்ட பூமி, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரே ஒரு மழைக்காலம்தான். இங்குள்ள கோகோ மக்கள் கம்பும் சோளமும் விதைக்கிறவர்கள். காலையில் 'உஜி' என்கிற கூழ், மதியம் 'உகாலி' என்கிற மக்காச்சோளக் களி. தொட்டுக்கொள்ள 'ம்லெண்டா' என்றொரு கீரை, வெண்டைக்காய் போல வழுவழுவென்று இருக்கும். 'டகா' என்பது பொடி மீன் கருவாடு. நம் பாட்டிமார் யாராவது வந்தால் அன்றைக்கே கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஊழியம் என்றால் ஜெபமும் பாட்டும் வேதபாடமும் என்று நினைத்து வருகிறார்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் நாளில் பாதி ஸ்டோர்கீப்பர் வேலை. மே, ஜூனில் அறுவடை முடிந்து மக்காச்சோளம் விலை இறங்கும்போது வருஷத்துக்கே மூட்டை வாங்கி அடுக்கிவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் கடைக்குப் போனால் கையைச் சுடும். வாங்கும்போது மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். உள்ளே கதகதப்பாக இருந்தாலோ, ஈர வாடை அடித்தாலோ திருப்பி அனுப்புங்கள். ஒரு மணியைக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். 2016-இல் தொடோமா, மன்யாரா பகுதிகளில் பூஞ்சை நஞ்சு ஏறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டுக் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஸ்டோரில் மூட்டை எதுவும் தரையில் படுவதில்லை, பலகை மேல்தான்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். எல்லோரையும் 'அனாதைகள்' என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அம்மாவோ சித்தியோ பாட்டியோ இருக்கிறார்கள். இல்லாதது மூன்று வேளைச் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கிடையாது. ஆனால் யூனிஃபார்ம், ஷூ, நோட்டு எல்லாம் யார் வாங்குவது? போன வருஷம் ஒரு பாட்டி பேரனை எங்களிடம் விட்டுப்போக வந்தார். சமூகநல அதிகாரியோடு போய் வீட்டைப் பார்த்தோம். அப்புறம் மாதாமாதம் மாவும், ஜனவரியில் பள்ளிச் சாமானும் தருவதாகச் சொல்லிப் பேரனை அவரோடேயே திருப்பி அனுப்பினோம். மறு வாரம் அவர் ஒரு கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் 'கோழி 1, நன்கொடை' என்று எழுதிவிடுங்கள்.

போட்டோ விஷயத்தில் எனக்கும் தலைமை ஆபீசுக்கும் இன்னும் சண்டைதான். மூக்கொழுகும் பிள்ளையின் படத்தை அனுப்பினால் பணம் வரும் என்பார்கள். நான் முகம் கழுவி, தலை வாரிவிட்டுத்தான் எடுப்பேன்.

சின்னப் பிள்ளைகள் உங்களைப் பார்த்து 'ஷிகமோ' என்று வணக்கம் சொல்வார்கள். 'மரஹபா' என்று பதில் சொல்லாமல் போனால் ஊரே பேசும். சபைக்காரர்கள் 'ப்வானா யேசு அசிஃபிவே' என்றால் 'ஆமென்' போதும், நம் ஸ்தோத்திரம் மாதிரிதான். விசா வேலையை அங்கேயே மிஷன் மூலம் ஆரம்பித்துவிடுங்கள். மிஷனரிகளுக்கு 'சி' வகுப்புக் குடியிருப்பு அனுமதி.

கொண்டுவர வேண்டியது: குக்கர் கேஸ்கட் இரண்டு, பெருங்காயம், தங்கச்சிக்குப் பருத்திச் சேலை நாலு. புளி வேண்டவே வேண்டாம், இங்கே மரத்திலேயே தொங்குகிறது. துவரையும் கிடைக்கும். தாருஸ்ஸலாமிலிருந்து பஸ்ஸில் வராதீர்கள், 2024 முதல் தொடோமாவுக்கு மின்சார ரயில் ஓடுகிறது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடியுங்கள், 'பஜாஜி' என்று கேட்டால்தான் புரியும். டிக்கெட்டில் இருக்கிற மணி நம் மணிதான். ஆட்டோக்காரர் 'சா ம்பிலி'க்கு வருகிறேன் என்றால் மட்டும் எட்டு மணி, இரண்டு மணி இல்லை.