டென்மார்க் போகிறவர்கள் எபல்டொஃப்ட் ஊரில் இருக்கும் பழைய போர்க்கப்பலைப் பார்க்கத்தான் வேண்டுமா?

"அரை நாள் வீணாகிவிடுமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் நாலைந்து நாள்தான் இருக்கும், அதில் பாதியைக் கோபன்ஹேகனுக்கு ஒதுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டென்மார்க்கின் இன்னொரு நகரமான ஆர்ஹூஸில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போகிறவன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இந்தப் பாய்மரப் போர்க்கப்பலின் பெயர் யூலண்ட். 1860-இல் கோபன்ஹேகனில் கடலில் இறக்கினார்கள். முழுக்க ஓக் மரம், 44 பீரங்கிகள், நானூறுக்கும் மேல் ஆட்கள். "உள்ளே நீராவி எஞ்சின் இருக்கிறதே, அது எப்படிப் பாய்மரக் கப்பல்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இருந்தது, ஆனால் நெடுந்தூரம் போவது பாயை நம்பித்தான். காற்று கிடைத்தால் இழுவை குறைய புரொப்பெல்லரையே மேலே தூக்கிவிடுவார்கள்.

சித்தப்பா வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிலும் வரவு செலவு பார்ப்பவர். கப்பல் இப்போது உலர்துறையில், அதாவது தண்ணீர் வடித்த துறையில், நிற்பதால் அடிப்பகுதிக்குக் கீழேயே நடக்கலாம். அங்கே அண்ணாந்து பார்த்தபடி ஹெல்கோலாண்ட் சண்டையைப் பற்றிச் சொன்னேன். 1864 மே 9, பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஒரு பக்கம், டென்மார்க் தனியாக. டேனியத் தளபதி சுவென்சன் தலைமையில் யூலண்டும் இன்னும் இரண்டு கப்பல்களும் மோதியதில் ஆஸ்திரியர்களின் ஷ்வார்ட்ஸன்பெர்க் கப்பல் தீப்பிடித்தது. அவர்கள் அப்போது பிரிட்டன் வசம் இருந்த ஹெல்கோலாண்ட் தீவின் நடுநிலைக் கடலுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். டேனியர்களால் துரத்த முடியவில்லை.

"அப்போ இவங்கதானே ஜெயிச்சாங்க? அப்புறம் நாடு எப்படிப் போச்சு?" என்றார்.

அதுதான் விஷயம். மூன்றே நாளில் போர்நிறுத்தம். தரையில் ஏற்கெனவே தோற்றிருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் என்ற மூன்று பகுதிகளும் டென்மார்க்கின் கைவிட்டுப் போயின. 1862-இலேயே அமெரிக்காவில் இரும்புக்கவசம் போட்ட கப்பல்கள் சண்டையிட்டுப் பார்த்துவிட்டதால் மரக்கப்பல்களின் காலமும் முடிந்துகொண்டிருந்தது.

சித்தப்பாவைப் பிடித்து நிறுத்தியது சண்டை இல்லை, அதற்குப் பிறகு இந்தக் கப்பல் பிழைத்த கதைதான். 1874-இல் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனை ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போனது. பிறகு வீரர்கள் தங்கும் இடமானது. 1908-இல் உடைப்பதற்கே விற்றுவிட்டார்கள். அதை வாங்கிக் காப்பாற்றியவர் ஐனர் விகோ ஷூ, வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தும் மார்கரின் தொழிலில் பணம் பார்த்தவர். அவருக்குப் பிறகு தலைநகரைப் பார்க்க வந்த வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள் இதில் தங்கினார்கள். 1960-இல் எபல்டொஃப்டுக்கு இழுத்து வந்தார்கள், பெரிய பழுதுபார்ப்பு முடிய 1994 ஆகிவிட்டது. "வெண்ணெய்க்குப் பதில் விக்கிறவன் காசுல போர்க்கப்பலா!" என்று சித்தப்பா திரும்பி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் வரலாறு படித்தவன் இல்லை, பலமுறை போனதில் ஒட்டிக்கொண்டதுதான் இவ்வளவும். இதைவிடப் புகழ்பெற்ற கப்பல்கள் ஐரோப்பாவில் உண்டு என்பதும் தெரியும். இருந்தாலும் கோபன்ஹேகனில் ஆளுயரம்கூட இல்லாத கடற்கன்னி சிலைமுன் வரிசையில் நின்று படம் எடுத்துவிட்டு "டென்மார்க்ல ஒண்ணுமே இல்லப்பா" என்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. இவர்களே என் வீட்டில் தங்குவார்கள், எனக்கு லீவு உண்டா என்று கேட்க மாட்டார்கள், வாஷிங் மெஷின் இராத்திரி பதினொன்றுக்கு ஓடும், கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பது நான்.

சரி, போங்கள். ஆர்ஹூஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போதும். என் வீட்டில் தங்குவதாக இருந்தால் நல்ல காப்பித்தூள் ஒரு கிலோ கொண்டுவாருங்கள்.